முருகனுக்கு எத்தனை அம்மா?

முருகா சரணம்!

இந்தக் கிருத்திகைக்கு ஒரு கேள்வியோட வர்றேன். முருகனுக்கு எத்தனை அம்மா?

"இது என்ன கேள்வி, பார்வதி தாயார்தானே"ன்னு சொல்லுவீங்க. சரிதான். ஆனா அவன் பேர்களை வரிசையா சொல்லிப் பாருங்க. காங்கேயன், கங்கையோட பிள்ளை. சரவணபவன், சரவணப் பொய்கையில தோன்றினவன். கார்த்திகேயன், கார்த்திகைப் பெண்களோட பிள்ளை.

கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்தபுராணம் நமக்குச் சொல்ற கதை இதுதான். சிவபெருமான் நெற்றிக்கண்ணுல இருந்து வந்த ஆறு பொறிகளை வாயுவும் அக்னியும் சுமந்தாங்க. தாங்க முடியாம கங்கையில சேர்த்தாங்க. கங்கை சரவணப் பொய்கையில கொண்டுபோய் விட்டா. அங்க தாமரை மேல ஆறு குழந்தையா கிடந்தவனுக்குக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் பால் கொடுத்தாங்க. கடைசியில தாயார் வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைச்சதும் ஒரே கந்தன் ஆனான்.

இதுல யாருமே "என் பிள்ளை, தரமாட்டேன்"னு மல்லுக்கு நிக்கல. தன்னால முடிஞ்ச நேரம் தாங்கினாங்க, அடுத்த கையில கொடுத்தாங்க. முருகனும் யாரையும் மறக்கல. தாங்கினவங்களைத் தன் பேராவே வச்சுக்கிட்டான்.

இப்ப நம்ம வீட்டுக்கு வாங்க. 'பேரன்'ங்கிற சொல்லே 'பெயரன்'தான். 'பேத்தி', 'பெயர்த்தி'. தாத்தா பாட்டி பேரைத் தாங்கி வர்ற பிள்ளை. பெத்தவங்க கையில கொடுக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏந்துற கை அவங்களோடது. நம்ம வீட்டுக் கார்த்திகைப் பெண்கள் அவங்கதான்னு சொல்லலாம்.

ஆனா எல்லாப் பாட்டிக்கும் அந்த இடம் கிடைக்குதா? கணவர் இல்லாத பாட்டிக்கு? இதைத்தான் இன்னைக்குப் பேசணும்னு நினைச்சேன்.

அக்காவுக்குப் போன வருஷம் பொண்ணு பொறந்தா. அப்பா தவறி அப்ப மூணு வருஷம். பத்து மாசமும் அக்காவைப் பார்த்துக்கிட்டது அம்மாதான். இரும்புச்சத்து மாத்திரையில இருந்து ராத்திரி கால் பிடிச்சு விடுறது வரைக்கும் எல்லாம் அவங்க. பிரசவ வார்டு வாசல்ல நர்ஸ் துணியில சுத்தின குழந்தையை நீட்டினப்போ, அம்மா ரெண்டு அடி பின்னாடி போய், "சுமங்கலி யாராவது முதல்ல வாங்கட்டும்"னாங்க.

யாரும் அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லல. அவங்களே நின்னாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. ஊர் இத்தனை வருஷமா சொன்னதை, இப்ப யாரும் சொல்லாமலே அவங்க உடம்பு கேக்குது.

பதினாறாம் நாள் தொட்டில் போடணும். குழந்தையை யார் தொட்டில்ல போடுறது, யார் காதுல பேர் சொல்றதுன்னு சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சாங்க. எங்க அம்மா பேர் அந்தப் பேச்சுல வரவே இல்ல. நான் தாய்மாமன், தொட்டில் சீர் என்னோட பொறுப்பு. "அம்மாதான் போடணும்"னு அக்காவும் நானும் சொன்னோம். மாமாவும் சரின்னுட்டார். ஒத்துக்காதது அம்மா மட்டும்தான். "குழந்தைக்கு ஆகாதுடா"ன்னாங்க.

அம்மா வருஷக்கணக்கா கிருத்திகை விரதம் இருக்கிறவங்க. அவங்ககிட்ட மகாபாரதத்துல வர்ற கதையைச் சொன்னேன்.

வனபர்வத்துல முருகன் பிறப்பு வேற மாதிரி வருது. சப்தரிஷிகள் ஏழு பேர். அதுல ஆறு ரிஷிகளோட மனைவிகள் மேல ஒரு பழி விழுந்துச்சு. அந்தப் பெண்கள் எந்தத் தப்பும் பண்ணல. ஆனாலும் ஊர் பேசினதைக் கேட்டு ரிஷிகள் அவங்களைக் கைவிட்டுட்டாங்க. புருஷனும் இல்லாம, இடமும் இல்லாம அந்த ஆறு பேரும் வந்து நின்னது முருகன்கிட்ட. எங்களுக்கு நீதான் பிள்ளையா இருக்கணும்னு கேட்டாங்க. முருகன் அவங்களை அம்மான்னு ஏத்துக்கிட்டான். அவங்களுக்கு வானத்துல நட்சத்திரமா இடமும் கிடைச்சது. அதுதான் கிருத்திகை நட்சத்திரம்.

"நீங்க மாசாமாசம் விரதம் இருக்கிறது யார் பேர் வச்ச நாள்ல தெரியுமாம்மா? ஊர் ஒதுக்கி வச்ச பொம்பளைங்க பேர்ல."

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவங்களைத்தான் அம்மான்னு கூப்பிட்டானா?"ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல.

பதினாறாம் நாள் அம்மா குளிச்சு, நெத்தி நிறைய திருநீறு பூசிக்கிட்டு வந்தாங்க. குழந்தை கையில வசம்பு வளையல் போட்டு, தொட்டில்ல படுக்க வச்சு, காதுல மூணு தடவை பேர் சொன்னாங்க. கை நடுங்குச்சு. குரல் நடுங்கல. பேரை இங்க எழுதல. ஆனா எங்க அம்மா பேர்ல பாதி அதுல இருக்கு.

எல்லாருக்கும் இது பிடிச்சதுன்னு சொல்லமாட்டேன். சொந்தத்துல ஒருத்தங்க சாப்பிடாமலே கிளம்பிட்டாங்க. அவங்க மேல கோபம் இல்ல, அவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

அஞ்சாம் மாசம் அக்கா புகுந்த வீட்டுக்குக் கிளம்பினா. அன்னைக்கு அம்மா குழந்தைக்கு மை வச்சு, திருநீறு பூசி, அக்காவோட மாமியார் கையில கொடுத்துட்டு, "நல்லா பார்த்துக்கங்க சம்பந்தி"ன்னு மட்டும் சொன்னாங்க. கார்த்திகைப் பெண்களும் இப்படித்தானே தாயார் கையில கொடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு. வளர்த்த கை கொடுக்கும்போது ரொம்பப் பேசாது போல.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன், சாஸ்திரம் படிச்சவன் இல்ல. எது விதி, எது வழக்கம்னு வாதாட வரல. நான் பார்க்கிறது நம்ம அப்பன் முருகன் என்ன செஞ்சான்கிறதை மட்டும்தான். ஒதுக்கப்பட்டவங்க வந்து நின்னப்போ அவன் நாள் பார்க்கல, சகுனம் பார்க்கல. அம்மான்னு சொன்னான். அவனைக் கும்பிடுற நாம அவனைவிட ஆசாரம் பார்க்க வேண்டாம்.

கார்த்திகை மாசம் சாயந்திரம் இருட்டினதும் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்குப் பக்கம் பாருங்க. சின்னக் கொத்தா நட்சத்திரங்கள் தெரியும். நல்ல இருட்டுல வெறும் கண்ணுக்கே ஆறு எண்ணலாம். அதனாலதான் நம்ம முன்னோர் 'அறுமீன்'னு பேர் வச்சாங்க. பூமியில இடம் இல்லைன்னு சொன்னவங்களுக்கு முருகன் தயவுல கிடைச்ச இடம் அது.

உங்க வீட்டுல அடுத்து ஒரு குழந்தை வரும்போது, முன்னாடி நீளுற கைகளை மட்டும் பார்க்காதீங்க. பின்னாடி சுவரோரமா, முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டி நிக்கிறாங்களான்னு பாருங்க. குழந்தையை அவங்க கையில கொடுங்க. பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ, யாரா இருந்தாலும் சரி. "வாங்க, நீங்கதான் முதல்ல"ன்னு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது நாமதான், ஏன்னா அவங்களா கேக்கமாட்டாங்க.

அந்தக் கையில சிரிக்கிற குழந்தை வேற யாரு? நம்ம குமரன்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!