பந்தும் நோட்டும்

விளையாட்டைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் மேதைமையைப் பற்றிய கதைகள்தான். எங்கிருந்தோ ஒருவன் வருகிறான். அவனுக்குள் ஏற்கனவே எல்லாம் இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் காட்டுவதற்குக் கதை ஒரு சாக்கு. கொனோமி தகேஷி 1999இல் தொடங்கிய டென்னிஸ் இளவரசன் என்ற படக்கதை இதற்கு அப்பட்டமான உதாரணம். அதிலும் எதிராளியின் பழக்கங்களை நோட்டில் குறித்துக்கொண்டே ஆடும் ஒருவன் உண்டு, கண்ணாடி போட்டவன். அவன் கதாநாயகன் இல்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

கத்ஸுகி ஹிகாருவின் பேபி ஸ்டெப்ஸ் அந்த நோட்டுக்காரனை மைதானத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. 2007இலிருந்து 2017 வரை வாரப் பத்திரிகை ஒன்றில் வந்து 47 தொகுதிகளான படக்கதை இது, 2014இல் என்.எச்.கே. தொலைக்காட்சியில் அனிமேயாக வந்தது. அதன் ஆரம்பப் பகுதிகள் சிலவற்றை மட்டுமே பார்த்திருக்கிறேன். சித்திரம் சுமார்தான், அசைவுகளில் சிக்கனம் தெரிகிறது. ஆனால் அது கிளப்பிய கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை.

மாருவோ எயிச்சிரோ உயர்நிலைப் பள்ளி மாணவன், படிப்பில் முதல். அவன் நோட்டுகள் பிரசித்தம்: வண்ண வண்ண மைகள், கட்டங்கள், படங்கள், ஒரு வரி விடுபடாத குறிப்புகள். உடலுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டுமே என்று டென்னிஸ் கிளப்புக்குப் போகிறான். ஓட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. அவன் வயதுக்காரர்கள் குழந்தைப் பருவத்திலேயே மட்டையைப் பிடித்தவர்கள். இவன் அன்று வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான்? நோட்டை எடுக்கிறான்.

சிரிக்கத் தோன்றுகிறது. நானும் சிரித்தேன். பிறகுதான் என் சிரிப்பின் மேல் சந்தேகம் வந்தது. பிரக்ஞை செயலுக்கு விரோதி, யோசிக்கிறவன் ஆடமாட்டான் என்பது நாம் பரிசீலிக்காமலே வைத்திருக்கும் நம்பிக்கைகளில் ஒன்று. டென்னிஸைப் பற்றியே இதை ஒரு கொள்கையாக எழுதியவர் திமோதி கால்வே. 1974இல் வந்த அவருடைய புத்தகம் ஆட்டக்காரனுக்குள் இரண்டு பேரைக் காண்கிறது: ஓயாமல் கட்டளையிட்டுக் குறைசொல்லும் ஒருவன், ஆடத் தெரிந்த மற்றொருவன். முதலாமவன் வாயை அடைத்தால் இரண்டாமவன் தானே ஆடிக்கொள்வான். இதில் உண்மை இருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டரில் வரும் ஸர்வீஸ் 23.77 மீட்டர் நீளக் களத்தைக் கடக்க அரை விநாடியைவிடச் சற்றுத்தான் கூட எடுக்கும். அதற்குள் நோட்டைப் புரட்ட முடியாது.

ஆனால் மாருவோ பந்து வரும்போது எழுதவில்லை. பந்து போன பிறகு எழுதுகிறான். இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை விஷயமே இதில்தான் இருக்கிறது.

தன்னை மறந்த செயல் என்ற லட்சியத்தை மேற்குக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஓய்கன் ஹெரிகல். ஜப்பானில் வில்வித்தை பயின்ற ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர். 1948இல் வெளிவந்த அவர் நூலின் உச்சம், அம்பை எய்வது வில்லாளி அல்ல, அவனைக் கருவியாகக் கொண்ட வேறொன்று என்கிற தரிசனம். எத்தனையோ கலைஞர்களை மயக்கிய நூல் அது. ஒரு காலத்தில் நானும் மயங்கியவன். ஹெரிகல் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பது பிற்பாடு தெரிந்தது. இரண்டுக்கும் இடையே நேர்க்கோடு போடுவது மலினமான காரியம், அதை நான் செய்யவில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அம்பை எய்தது நான் அல்ல என்றால், அது தவறான இடத்தில் போய்த் தைத்தபோது அங்கே இருந்தது யார்? தன்னை மறந்தவனுக்குப் புகழ் வேண்டாமலிருக்கலாம். கூடவே பழியும் இல்லாமல் போய்விடுகிறதே.

நோட்டுக்காரனால் இப்படித் தப்ப முடியாது. இந்த அடி வலையில் பட்டது, காரணம் கால் பிந்தியது, பிந்தியது என் கால் என்று எழுதுகிறான். எழுத்து இங்கே தன்னைத் தானே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது.

சிமோன் வேய் 1942இல் பள்ளிப் படிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. கணக்கில் தவறிய இடத்தைக் கண்ணைத் திருப்பாமல் பார்ப்பதை அவர் ஏறக்குறைய ஒரு பிரார்த்தனையாகவே கருதினார். விடை வந்ததா இல்லையா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். மாருவோவைப் பார்க்கையில் அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது. ஒரு சிறுவர் தொடருக்கு இது அதிகப்படியான மரியாதை என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

ஆனால் பள்ளிக்கூட நோட்டும் களத்து நோட்டும் ஒன்றல்ல. வகுப்பில் அவன் எதையும் விடாமல் எழுதியது அறிவுத் தாகத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வெற்றிடம் குறித்த பயம். பரீட்சையில் தவறே இல்லாமல் இருப்பது சாத்தியம், அவன் அதைச் சாதித்துக்கொண்டும் இருந்தான். டென்னிஸில் அது சாத்தியமே இல்லை. ரோஜர் ஃபெடரர் 2024இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கை வெளிப்படையாகச் சொன்னார்: 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் வெற்றி, ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். நூறில் நாற்பத்தாறு முறை தோற்றவன் உலகின் மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவன். முழு மதிப்பெண் பழகிய பையன் இந்த எண்களுக்கு நடுவே வந்து விழுகிறான். பழைய நோட்டு தவறுகளை வெளியே நிறுத்தும் வேலியாக இருந்தது. புதிய நோட்டில் தவறுகளைத் தவிர எழுத வேறு எதுவும் இல்லை. அதே கை, அதே வண்ண மைகள். ஆனால் எழுதுகிறவன் மாறிக்கொண்டிருக்கிறான். அனிமே இதை வசனத்தில் சொல்லிக் கெடுக்கவில்லை என்பது ஆறுதல்.

என் அசௌகரியத்தையும் சொல்லவேண்டும். உழைத்தால் வரும் என்பது பரீட்சைகளால் ஆளப்படும் சமூகங்களின் தாலாட்டு. இந்தத் தொடரும் அதைப் பாடத்தான் போகிறது என்று ஊகிக்கிறேன். இன்னொன்று, அவன் எதிராளியையும் நோட்டுக்குள் இறக்குகிறான்: இவன் இடதுபக்கம் பலவீனன், நெருக்கடியில் உயரமாக அடிப்பான் என்கிற ரீதியில். ஒரு மனிதனை அட்டவணையாக்குவது அவமதிப்பா, அல்லது இவ்வளவு கூர்ந்து பார்க்கப்படுவது வேறெங்கும் கிட்டாத கௌரவமா? எனக்கு இதில் தீர்மானம் இல்லை. நாவலாசிரியனிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள், அவன் மழுப்பியிருக்கிறான்.

யமமோட்டோ சுமிகாவின் ஏஸ் பற்றிய 1973ஆம் ஆண்டுப் படக்கதையிலும் (தெஸாகி ஒஸாமு அதை அனிமேயாக்கினார்) ஓர் ஆரம்பநிலை ஆட்டக்காரி உண்டு. ஆனால் அவளுக்குள் இருப்பது முதலில் அவள் பயிற்சியாளருக்குத்தான் தெரிகிறது. வேறொருவர் தரிசனத்தில் செதுக்கப்படும் கல் அவள். மாருவோவை யாரும் தரிசிக்கவில்லை. அவனாகத்தான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆரம்பகாலத்தை மறக்காதே என்று நோ நாடகக் கலைஞர் ஸெயாமி 1424இல் தன் நூலொன்றில் வற்புறுத்தினார். அதை இப்போது புத்துணர்ச்சி, குழந்தையின் வியப்பு என்றெல்லாம் இனிப்பாக்கிவிட்டார்கள். அவர் சொன்னது அதைவிடக் கசப்பானது: நீ தடுமாறிய விதத்தை, உன் திறமையின்மையின் உருவத்தைக் கைவசம் வைத்திரு. முதுமைக்கும் முதுமைக்குரிய ஆரம்பம் ஒன்று உண்டு, அதையும் சேர்த்து.

பக்கம் மாறும்போது ஆட்டக்காரர்களுக்கு 90 விநாடி கிடைக்கும். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள், துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். மாருவோ வியர்வைக் கையோடு பேனாவைப் பிடித்து, இப்போதுதான் இழந்த புள்ளியை அவசரமாக எழுதுகிறான். நடுவர் கூப்பிடுகிறார். வாக்கியம் பாதியில் நிற்கிறது.