மெல்ல எழுதும் கை

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கியின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு மலைகளிலும் தமிழ்க் குழந்தைகள் பலர் கேரளத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழிலேயே எழுதுகின்றனர். முதல்மொழியின் முதல் தாளுக்கு மதிப்பெண் 40. எழுதும் நேரம் 90 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டேகால் நிமிடமே கிடைக்கிறது. மெல்ல எழுதும் மாணவன் கட்டுரையின் நடுவில் இருக்கும்போதே மணி அடித்துவிடுகிறது. அறிந்தது நெஞ்சில் நிற்க, தாளில் பாதி வெற்றிடம். இது அவன் குற்றமா?

விடை கூறுமுன் தாமதத்தின் காரணத்தை அறிதல் வேண்டும். சிலருக்கு அது உடலைச் சார்ந்தது. எழுதும்போது கைத்தசை இறுகும் குறைபாடுடைய ஒரு குடிமைப்பணித் தேர்வருக்கு, குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக, சொல்வதை எழுதித் தரும் துணையாளரை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 11-2-2021 அன்று தீர்ப்பளித்தது. அத்தகைய குழந்தையைச் சோம்பேறி என்று கடிவது அநீதியே.

வேறு சிலருக்கு மொழியே தயக்கம் தருகிறது. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தமிழில் அது பெருக்கு. இரு மொழிகளுக்கிடையே வாழும் குழந்தை ஒவ்வொரு சொல்லையும் ஒருகணம் நிறுத்திப் பார்க்கிறது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மூன்றாவது வகைதான் சிந்தனைக்குரியது. முன்னுரை மனம்போல் அமையும்வரை அடுத்த பத்திக்குச் செல்லாமல் அடித்துத் திருத்திக்கொண்டே இருப்பது. பார்வைக்கு இது சிரத்தையாகத் தோன்றும். ஆயினும் இதில் தன் எழுத்தின்மீது கொண்ட பற்றும் கலந்திருக்கிறது அன்றோ? கட்டுரை படிப்பவருக்கு உரியது. தொடங்கிய எண்ணம் எங்கே சென்று சேர்கிறது என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. எழுதப்படாத முடிவை எந்தத் திருத்துநரும் மதிப்பிட முடியாது.

கேரளத் தேர்வில் நல்ல வழக்கம் ஒன்றுண்டு. முதல் 15 நிமிடம் வினாக்களைப் படிப்பதற்கும் விடைகளைத் திட்டமிடுவதற்கும் மட்டுமே, விடை எழுதலாகாது. விரைந்து எழுதுபவனுக்கு அது வெறும் காத்திருப்பு. மெல்ல எழுதுபவனுக்கோ அதுவே தேர்வின் மிக முக்கியமான பகுதி. தெரிந்த ஐந்து கருத்துகளில் எந்த இரண்டை விடுவது என்று அங்கேயே துணிய வேண்டும். தெரிந்ததை விடுவது பொய்யாகாதா என்று சில நல்ல பிள்ளைகள் கலங்குவதுண்டு. மூன்று கருத்துகளை முடிவுவரை கொண்டு செல்வதில் பொய் ஏதுமில்லை. திருக்குறளில் காலமறிதல் 49-ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது வலியறிதல். பத்து நிமிடத்தில் தன் கை எத்தனை வரி எழுதும் என்று அறியாதவனுக்குக் கடிகாரத்தால் என்ன பயன்?

கையின் குறையா, மொழியின் தயக்கமா, மனத்தின் பற்றா என்று மார்ச் மாதத் தேர்வறையில் யாரும் ஆராய இயலாது. ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் அதைக் கண்டறிந்தால், மருத்துவச் சான்று பெறுவதற்கும் கடிகாரத்தை எதிரே வைத்துப் பழகுவதற்கும் போதிய அவகாசம் இருக்கும்.