ஸ்பிரிங்கை அறுக்காதே, தம்பி

தம்பி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். உன் பழைய வண்டியின் நான்கு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டு சுற்றை அறுத்துத் தாழ்த்தி, அந்தக் கோலத்தோடு குன்னூர் மலை ஏறப்போகிறேன் என்கிறாய். செய்யாதே.

வண்டி மேல் உனக்கிருக்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. பாலியோ 1.6, இக்கான் 1.6, சிட்டி விடெக், ஆக்டேவியா ஆர்எஸ் இவையெல்லாம் இருபது வயது தாண்டியும் ஓட்டுகிறவனை மயக்கும் வண்டிகள். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கீழே ரோடு எப்படி இருக்கிறதென்று கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட வண்டியைக் காப்பாற்றி வைத்திருப்பதே பெரிய காரியம். அதனால்தான் பதறுகிறேன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்; குன்னூர் ஏறத்தாழ 1,850. நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. அங்கே 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் உயிரோடு இல்லை. அதன் பிறகு வெளியூர்ப் பதிவு எண் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து ஒன்பது பேர் போனார்கள். இவை சஸ்பென்ஷன் கோளாறால் நடந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மலையில் ஒரு வண்டி கைமீறினால் அடுத்து என்ன இருக்கிறது என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறுத்த ஸ்பிரிங் என்ன செய்யும் தெரியுமா? கேஸ் வெல்டிங் தீயில் அறுத்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். மிஞ்சிய சுற்றுகள் விறைத்துப்போகும்; ஆனால் சக்கரம் மேலேற இடம் வெகுவாகக் குறைந்துவிடும். மழையில் அரித்த வளைவில், வண்டியின் பாரமெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு குழி வந்தால், சக்கரம் நேராக பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். அந்தக் கணமே டயர் பிடியை விடும். இன்னொன்று: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருப்பிடத்தில் இறுக்கமாக நிற்காது. விலகிப்போய் உட்கார்ந்துவிட்டால் அடுத்த வளைவில் வண்டி நீ திருப்பியபடி திரும்பாது.

காசு செலவழிக்க ஆசையா? செலவழி. ஆனால் ரப்பரிலிருந்து தொடங்கு. வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல். லோயர் ஆர்ம் புஷ்ஷில் சின்னக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பச் சொல்லி, நீயே குனிந்து பார். நல்ல புஷ் கொஞ்சம் நெளிந்து உடனே திரும்பி வரும். கெட்டது வாய் பிளந்து நிற்கும். உள்ளே இரும்புக் குழாய் தனியாக ஆடும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கிறதா? ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து அதன் மேல் செம்மண் அப்பியிருக்கிறதா? டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்களைப் படி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பள்ளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பத்து வயது டயரை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த காயிலோவர் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தவறை நீ செய்யாதே.

புஷ், பால் ஜாயின்ட், டயர் ஆகியவற்றில் கெட்டதை மாற்றிய பிறகே ஷாக். அந்த மாடலுக்கென்றே செய்த, கம்பெனி உயரத்தைக் காக்கிற ஷாக்கை ஜோடியாகப் போடு. கடினமான ஸ்பிரிங் வேண்டாம். மேடுபள்ளமான ஈர ரோட்டில் டயரைத் தரையோடு வைத்திருப்பது கொஞ்சம் மிருதுவான வண்டிதான். பின்பக்க ஆன்டி ரோல் பாரை மட்டும் தடிமனாக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் வளைவு நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் பிய்த்துக்கொண்டு போகும். வேகம் பார்க்க வேண்டுமென்றால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே எதிரே லாரி வராது.

பிரேக் எண்ணெயையும் மறக்காதே. புது டாட் 4 எண்ணெய் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பெடல் தரை தொடும். இரண்டாவது கியரில் இறங்கு. ஏறி வரும் வண்டிக்கு வழி விடு.

சட்டமும் உன்னைச் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அதை மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ உண்டு. ஆனால் நான் அபராதத்துக்காக இவ்வளவு சொல்லவில்லை.

மாலையில் எஸ்டேட் ரோட்டு வளைவுகளில் பார். கொழுந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு லாரிக்காக ரோட்டோரம் நிற்கிற பெண்கள், பள்ளி விட்டு நடக்கிற பிள்ளைகள், பனிமூட்டத்துக்குள்ளிருந்து திடீரென இறங்குகிற காட்டெருமை. ஒதுங்க அவர்களுக்கு ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. நீ ஸ்பிரிங்கை அறுத்தது அவர்களுக்குத் தெரியாது. சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

மெக்கானிக் அண்ணனுக்கும் இதையே சொல்கிறேன். பையன் காசோடு வந்து நின்றாலும், அறுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புங்கள். உங்கள் கை வேலை செய்த வண்டி அது.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா, தம்பி? இன்றைக்கே போய், அதை நான்கு புஷ்ஷுக்கும் இரண்டு பால் ஜாயின்ட்டுக்கும் வரவு வைத்துக்கொள்ளச் சொல். அது முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், மெதுவாக மலை ஏறு.