யார் வீட்டில் இருப்பது?

"மனுசன் நூத்தம்பது வருசம் இருக்க மருந்து தேடுறாங்களாம் பாட்டி" என்றேன். கம்போங் ராஜாவில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். யோசிக்கவேயில்லை.

"இருந்து? யாரு வீட்டுல இருக்கிறது?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. தோட்டத்தில் வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பாட்டி இப்போது பெரியப்பா வீட்டின் பின்னறையில் இருக்கிறார்.

நான் சொன்ன ஆராய்ச்சி கட்டுக்கதை இல்லை. 1964-இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடியக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அந்த மண்ணிலிருந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பனாரஸில் படித்த சுரேந்திரநாத் சேகல். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குப் பயன்பட்ட அந்த மருந்தை, அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்குக் கொடுத்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். தொண்ணூறு சதவீத எலிகள் இறந்து முடியும் வயதை வைத்துப் பார்த்தால், ஆண் எலிகளுக்கு 9 சதவீதமும் பெண் எலிகளுக்கு 14 சதவீதமும் ஆயுள் கூடியிருந்தது. ஆரோக்கியமான மனிதர்களின் ஆயுளை அது நீட்டும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

அந்த எலிகளுக்கு மருந்து தொடங்கியது 600 நாள் வயதில். மனிதக் கணக்கில் ஏறக்குறைய 60. மலேசியாவில் 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயதும் 60தான். எலிக்கு ஆயுளைக் கூட்டிக் கொடுத்த அதே வயதில்தான் தோட்டத்து மனுசி வீட்டைவிட்டு இறங்குகிறாள்.

எட்டாத பழத்தைப் புளிக்கும் என்கிறேனா? இருக்கலாம். "வயசானவங்க சாவுக்குத் தயாரா இருப்பாங்க" என்று நாமே சொல்லிக்கொள்வது வசதியான பொய். பாட்டி இனிப்பு நீர் மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. வாழத்தான் ஆசைப்படுகிறார். தவிர, நம் ஆட்களின் ஆயுள் கூடியதே மருத்துவத்தாலும் சுகாதாரத்தாலும்தான். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடியவிட்டு மலேரியாவைக் குறைத்தார். அப்படிப்பட்ட வேலைகள் பிறகு தோட்டங்களுக்கும் வந்தன. அவை இல்லாமல் எத்தனை பாட்டிகள் பாட்டியாகியிருப்பார்கள்? ஆகவே ஆயுளை நீட்டும் ஆராய்ச்சி வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையைப் பள்ளியில் கொடைக்கு உதாரணமாகப் படித்தோம். இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. கனியைக் கொடுத்ததன் மூலம் அவன் ஔவையிடம் ஒன்றைச் சொல்லிவிட்டான்: நீங்கள் நெடுநாள் இருப்பது எங்களுக்கு வேண்டும். பழத்தைவிட அந்தச் சொல் பெரிது. மாத்திரையால் அதைச் சொல்ல முடியாது. கூட இருக்கும் மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டைத் திருப்பிக் கேட்கும் ஏற்பாடு அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது.

பாட்டி கேட்டது ஆயுளைப் பற்றியே அல்ல. கூடுகிற வருடங்களில் தன்னை யார் வேண்டும் என்பார்கள் என்றுதான் கேட்டார். அதற்கு ஆய்வகத்தில் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். கோலாலம்பூரில் எனக்கு இருப்பது ஒரு வாடகை அறை. "என்கூட வந்து இருங்க பாட்டி" என்று அன்று நான் சொல்லவில்லை.