கற்பிப்பவர் யார்?

ஒருவர் தம் அறிவை மற்றொருவருக்குக் கொடுத்தல் இயலுமா? ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்பினால் மறுநாள் வகுப்பறைக்குள் நுழைவது சற்றுக் கடினமாகிவிடும். ஆயினும் தொடக்ககாலக் கிறித்தவச் சிந்தனையாளருள் தலைசிறந்தவரான புனித அகுஸ்தீனார் (354–430) இதனையே பொருளாகக் கொண்டு ஒரு சிறு நூல் செய்தார். ஏறத்தாழ 389இல் எழுந்த அந்நூலின் பெயர் 'ஆசிரியர்' என்பதாகும்.

அகுஸ்தீனார் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். பேச்சுக்கலை பயிற்றிப் பொருளீட்டியவர். சொல்லால் வாழ்ந்தவரே சொல்லின் ஆற்றலை ஐயுறுகிறார். தம் மகன் அதெயொதாத்துஸுடன் உரையாடும் முறையில் அவர் காட்டும் வாதம் எளியது. சொல் என்பது ஒரு குறி. குறிக்கப்படும் பொருளை அறியாதவனுக்கு அச்சொல் வெறும் ஒலி; அறிந்தவனுக்கோ அது புதிதாக எதனையும் தருவதில்லை. அங்ஙனமாயின் ஆசிரியர் வாய்திறந்து ஆவதென்ன? அவர் சொற்கள் மாணவனை நோக்கச் செய்கின்றன, அவ்வளவே. உண்மையைக் காட்டுபவர் உள்ளிருக்கும் ஆசிரியராகிய கிறிஸ்துவே என்பது அகுஸ்தீனார் முடிபு.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இக்கருத்துக்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. வெண்கோல் பிடித்து நடக்கப் பழகுபவருக்குப் பயிற்றுநர் கோலைப் பிடிக்கும் முறையைச் சொல்லலாம்; உடன் நடக்கலாம். ஆனால் கோலின் நுனியில் தரையை உணர்பவர் பழகுபவரே. அவ்வுணர்வைப் பிறர் எவரும் கையில் எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

அதே வட்டாரத்தில் கோயிலும் தேவாலயமும் பௌத்த விகாரையும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. எனினும் ஒரு சமயத்தார் நூலை மற்றவர் கையிலெடுப்பது அரிது. படித்தால் மனம் மாறிவிடும் என்னும் அச்சமே காரணம் போலும். இறைவனே உயிருக்குள் நின்று, பின் குருவாக வந்து உணர்த்துகிறான் என்று கூறும் சைவ சித்தாந்தம் பயின்றவருக்கு அகுஸ்தீனாரின் உள்ளாசிரியர் முற்றும் அயலாரல்லர். தோண்டத் தோண்ட நீர் ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய வள்ளுவரும் நீர் முன்பே உள்ளே இருப்பதையன்றோ சுட்டினார்!

தமிழ்ப்பள்ளிக்கு நெருக்கமான செய்தி ஒன்று அவருடைய 'ஒப்புதல்கள்' நூலில் உள்ளது. இலத்தீன் மொழியைச் செவிலியரின் கொஞ்சலுக்கும் சிரிப்புக்கும் இடையே அச்சமின்றிக் கற்றதாகவும், கிரேக்கத்தை அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிக் கற்று வெறுத்ததாகவும் அவர் எழுதுகிறார். தாய்மொழிக் கல்வியின் தேவையைக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் எத்தனையோ மேடைகள் பேசியுள்ளன. இவ்வளவு தெளிவாகப் பேசியவை சில.

எனினும் அகுஸ்தீனாரின் கொள்கையில் ஓர் இடர் உண்டு. எல்லாம் உள்ளிருந்தே வரவேண்டுமாயின், மாணவன் கல்லாதபோது ஆசிரியர் கைகழுவிவிடலாம். நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு முதலாக ஆடு, எருமை, ஓட்டைக்குடம் வரை வகுத்தது நுண்ணிய பகுப்பே. ஆனால் சோர்ந்துபோன ஆசிரியருக்கு அது மிக வசதியானதும்கூட. 'இவன் எருமை' என்றதும் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இவ்வழியை அடைத்துவிடுகிறார். பாரிசில் 1256க்கும் 1259க்கும் இடையே நிகழ்த்திய 'உண்மை பற்றிய' வினா விளக்கங்களில் பதினோராவது வினா ஆசிரியரைப் பற்றியது. நோயைத் தீர்ப்பது உடலின் இயல்பே. மருத்துவர் அதற்குத் துணைநின்று மருந்தளிக்கிறார். அதுபோல அறிவொளி மாணவனுடையது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் படிகளை அமைப்பது ஆசிரியர் வினை. மருத்துவர் எவரும் உடலின் இயல்பைப் பழித்துவிட்டு மருந்துப் பெட்டியை மூடிவிட இயலாதன்றோ? 1988 முதல் 2019 வரை நடைபெற்ற யுபிஎஸ்ஆர் தேர்வுக் காலத்தில், விடையை மனப்பாடமாக ஊட்டியதே கற்பித்தல் எனப் பல இடங்களில் கொள்ளப்பட்டது. அங்கே படிகள் இல்லை. விழுங்கிய மாத்திரை மட்டுமே உண்டு.

'ஆசிரியர்' நூலில் அதெயொதாத்துஸ் வெறுமனே தலையாட்டும் மாணவனல்லன். தடை எழுப்புகிறான், தந்தை அமைத்த கண்ணியில் விழுகிறான், சிலபோது தப்பியும் விடுகிறான். அப்போது அவனுக்கு அகவை பதினாறு. சில ஆண்டுகளில் அவன் இறந்துபோனான். அந்நூலில் மகன் கூற்றாக உள்ளவை யாவும் அவனுடைய சொந்தக் கருத்துகளே என்று அகுஸ்தீனார் பின்னர் இறைவனைச் சான்றாக வைத்து எழுதினார்.