நீடிய துயரும் நமது கடமையும்

தோன்றிய யாவும் மறையும் என்பது பகவன் புத்தர் அருளிய தன்மத்தின் அடிப்படை. இதனை நாள்தோறும் ஓதும் உபாசகர் இல்லத்தில் மரணம் நேர்ந்தால் அழுகை எழலாமா? அநித்தியத்தை அறிந்தவர் ஓராண்டு கழிந்தும் தேறாதிருப்பது அறத்தில் நேர்ந்த குறையாகுமா? தாராவியிலும் செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வாழும் தமிழ்ப் பௌத்தரிடையே இக்கேள்வி எழுவதுண்டு. துயருற்றவரை நோக்கி, "பௌத்தராகியும் இன்னும் அழுகின்றீரே!" என்று கூறுவாரும் உளர். அச்சொல் தன்மத்திற்கு இசைந்ததன்று என்பதை ஆராய்ந்து காட்டுவதே நம் நோக்கம்.

குசிநாராவில் பகவன் பரிநிர்வாணம் எய்தும் தறுவாயில், ஆனந்தர் கதவருகே நின்று அழுதார். பகவன் அவரை அழைப்பித்தார். சோகம் வேண்டாவெனத் தேற்றினார். அன்புக்குரியவற்றை எல்லாம் பிரிதல் இயல்பு என்று நினைவூட்டினார். அத்துடன் நில்லாது, ஆனந்தர் நெடுங்காலம் புரிந்த அன்புப்பணியைப் பிக்குகள் நடுவே புகழ்ந்துரைத்தார். அழுதவரைக் குற்றவாளியாக நிறுத்தினாரில்லை. ஆகவே துயரம் பாவமன்று. அது அன்பின் மறுபக்கமே.

எனினும் எல்லார் துயரமும் ஒரே காலத்தில் தணிவதில்லை. பெரும்பாலோர் சில திங்களில் மெல்ல மெல்ல வாழ்வினுள் திரும்புகின்றனர். சிலருக்கோ ஏக்கம் நாள்தோறும் முதல்நாள் போலவே வருத்தும். உணவும் தொழிலும் உறவும் பொருளற்றுப் போகும். இந்நிலையை 'நீடிய துயர்' என்னும் நோயாக உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்ற நோய்ப்பட்டியல் குறிக்கின்றது. ஆறு திங்களேனும் நீடித்தல் அதன் வரையறை. 2022இல் அமெரிக்க மனமருத்துவர் சங்கம் வெளியிட்ட நூல், பெரியவர்களுக்கு ஓராண்டு என வகுத்தது. துயருற்றோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இது நேரக்கூடும் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

யாருக்கு நேரும்? திடீர் மரணம், விபத்து, கொலை, தற்கொலை ஆகியவற்றால் உறவை இழந்தோர். பிள்ளையையோ வாழ்க்கைத் துணையையோ இழந்தோர். அடுத்தடுத்துப் பல இழப்புகளைக் கண்டோர். முன்னரே மனச்சோர்வு உற்றோர். இறந்தவரையே முற்றிலும் சார்ந்து வாழ்ந்தோர். இறுதியாக, அருகிலிருந்து தேற்றுவாரில்லாதோர். இவர்களுக்கே இடர் மிகுதி என்று மருத்துவ நூலார் கூறுவர்.

இப்பட்டியலைப் படிக்குங்கால் படாசாரையின் வரலாறு நினைவிற்கு வராமற் போகாது. கணவனைப் பாம்பு தீண்டிற்று. பச்சிளங்குழவியைப் பருந்து கொண்டுபோயிற்று. மூத்த மகனை ஆறு அடித்துச் சென்றது. தாய் தந்தையரும் உடன்பிறந்தவனும் வீடிடிந்து மாண்டனர். சித்தம் கலங்கி ஆடையின்றித் திரிந்தவளை ஊரார் விரட்டினர். பகவனோ "சகோதரி" என்றழைத்து, நினைவு பெறுக என்றார். அருகிருந்த ஒருவர் தம் மேலாடையை அளித்தார். முதலில் உறவுச்சொல்லும் ஆடையும், பின்னரே உபதேசம். இவ்வரிசை நாம் கற்கவேண்டிய பாடமாகும். பிற்காலத்தில் பிள்ளைகளை இழந்து வருந்திய மகளிர் பலரைத் தேற்றியவரும் இப்படாசாரைத் தேரியே.

நம் மணிமேகலைக் காப்பியத்திலும் கோதமை என்னும் தாய் ஒருத்தி வருகின்றாள். பார்வையிழந்த அவளுடைய மகன் சார்ங்கலன் சுடுகாட்டுக் கோட்டத்தில் அஞ்சி உயிர்விட்டான். தன்னுயிரைக் கொண்டு அவனுயிரைத் தருமாறு சம்பாபதியை வேண்டினாள். தேவர் அனைவரும் கூடினும் மாண்டவர் மீளார் என்னும் உண்மை அவளுக்கு ஐயமற விளக்கப்பட்டது. அவள் துயர் நீங்கிற்று என்று காப்பியம் கூறும். ஆயினும் மகனை ஈமத்தில் இட்டபின் அவளும் இறந்தாள். கிசாகோதமியையோ பகவன் கடுகு கேட்டு வீடு வீடாக அனுப்பினார். வாயில்தோறும் ஒரு மனிதர் தம் இழப்பை அவளோடு பகிர்ந்துகொண்டார். இருவர் அறிந்த உண்மையும் ஒன்றே. ஒருத்தி அதனைத் தனிமையில் அறிந்தாள், மற்றவள் மக்கள் நடுவே அறிந்தாள்.

இனி நம் நிலையை நோக்குவோம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் வகுத்த 22 உறுதிமொழிகளுள், சிராத்தமும் பிண்டமும் இடுதல் கூடாது என்பதும் ஒன்று. அது நன்றே. ஆயினும் கருமாதி, பதினாறாம் நாள் எனப்பட்டவற்றின் பொருளற்ற சடங்குகளோடு, உறவினர் கூடியிருந்து உண்பித்துத் துணைநின்ற வழக்கத்தையும் எறிந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூடவழக்கத்தை விலக்கினோம், வெற்றிடத்தை விடலாகாது. கைம்பெண்ணின் பொட்டையும் வளையலையும் பறித்து மங்கல நிகழ்ச்சிகளினின்று விலக்கும் கொடுமையோ, துயரோடு தனிமையையும் சேர்த்துக் கட்டுவதாகும். அது நம்மிடையே எஞ்சியிருப்பின் இன்றே ஒழிதல் வேண்டும்.

பம்பாயில் இத்தனிமைக்கு வேறு காரணங்களும் உண்டு. உறவினர் திருநெல்வேலியிலோ வேலூரிலோ இருப்பர். இரயிலில் வந்து சேருமுன் அடக்கம் முடிந்திருக்கும். அணுசக்தி நகர் போன்ற அரசுக் குடியிருப்பில் பணியாளர் இறந்தால், குறித்த காலத்திற்குப்பின் குடும்பம் வீட்டை விடுதல் வேண்டும். கணவனை இழந்தவள் அண்டை வீட்டாரையும், பிள்ளைகள் பள்ளித் தோழரையும் சேர்த்தே இழப்பர். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் இறுதிச் சடங்கிற்கு இருபதின்மருக்கு மேல் கூடலாகாது என்றிருந்தது. முகம் காணாது அனுப்பிய துயரைச் சுமப்போர் இன்னும் நம்மிடையே உளர்.

அண்ணலின் வாழ்வே இதில் நமக்கு வழிகாட்டும். ஐந்து மக்களில் நால்வரை இழந்தவர் அவர். 1926இல் இளமகன் இராசரத்தினம் மறைந்தபோது தம் வேதனையை நண்பருக்குக் கடிதத்தில் ஒளிக்காது எழுதினார். 1935 மே 27இல் அன்னை ரமாபாய் தாதரின் இராசகிருகத்தில் மறைந்தார். அண்ணல் சிலகாலம் ஒதுங்கியிருந்து வருந்தினார். அவ்வாண்டு அக்டோபரிலேயே இயோலாவில், இந்துவாக இறவேன் என்று முழங்கினார். ஆயினும் மனைவியை மறந்தாரல்லர். 1940இல் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவிற்கே உரிமையாக்கினார். நினைவு நோயன்று, நினைவு வாழ்வை அடைத்துக்கொள்ளும்போதே அது நோயாகின்றது.

ஆதலின் உபாசக அன்பர்காள்! இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்பதை நாம் மாற்ற இயலாது. துயருற்றவர் தனித்திருப்பதை மாற்ற இயலும். மூன்றாம் நாளோடு நம் வருகை முடிதல் ஆகாது. மூன்றாம் திங்களிலும் ஓராண்டு நிறைவிலும் சென்று காண்போம். மராத்தியப் பௌத்தர் நடத்தும் புண்ணியானுமோதனக் கூட்டத்தைப்போல் நாமும் கூடி, திரிசரணம் ஓதி, மறைந்தவரின் பெயரைக் கூசாது சொல்வோம். ஆறு திங்கள் கடந்தும் தேறாதவரை நாணமின்றி மனமருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இந்நோய்க்கெனப் பேச்சுவழி மருத்துவம் உண்டு. இறக்க விரும்புவதாக ஒருவர் சொல்வாராயின், அன்றே அழைத்துச் செல்லுதல் வேண்டும். அநித்தியத்தைப் பிறருக்குப் போதிப்பது எளிது. அநித்தியத்தால் அடியுண்டவர் அருகே அமர்ந்திருப்பதே கருணை. சங்கத்தைச் சரணடைகின்றேன் என்று நாம் ஓதும் சொல், அத்தகைய வீட்டின் திண்ணையில் மெய்யாகட்டும்.