தலை குனியாதே, ஆராய்ச்சி மாணவனே!

“இன்னும் படிச்சு முடிக்கலையா?” கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தக் கேள்வி வந்து விழும்போது ஏன் தலை குனிகிறாய்? உன்னோடு பி.இ. முடித்தவன் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து வீட்டுக்கடனும் வாங்கிவிட்டான். நீ மாதம் 37,000 ரூபாய் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையில் லேபே கதியென்று கிடக்கிறாய். இருக்கட்டும்! பேராசிரியர் ஆகவேண்டும் என்று புறப்பட்டவன் நீ. அந்த வேலைக்கான பயிற்சி உனக்கு அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது. அது உன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஐ.ஐ.டி.களில் எம்.டெக்., பி.எச்டி. மாணவர்கள் உதவித்தொகைக்கு ஈடாக வாரம் 8 மணி நேரம் கற்பித்தல் உதவிப் பணி பார்க்கவேண்டும். பலரும் அதைத் தலைவிதி என்று கழிக்கிறார்கள். முதலாண்டு மாணவி ஒருத்தி ஆசிலாஸ்கோப் முன்னால் திகைத்து நிற்கிறாள். திரையில் அலை இல்லை, வெறும் கோடு. நீயே குமிழைத் திருகிவிட்டு நகர்ந்தால் அரை நிமிட வேலை. அப்படிச் செய்யாதே! “புரோப் எங்கே மாட்டியிருக்கு? கப்ளிங் கிரவுண்டில் இருக்கா பாரும்மா” என்று ஒவ்வொன்றாகக் கேள். அவளே தவறைக் கண்டுபிடித்து, கோடு அலையாக எழும்பும்போது அவள் முகத்தைப் பார். அந்த நொடியிலேயே நீ ஆசிரியர் ஆகிவிட்டாய். நியமன ஆணை பிறகு வரட்டும்.

உன் ஆராய்ச்சியை மதிப்பிடும் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்றாலே உனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பேராசிரியர்கள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒருவர் ஸ்லைடை நிறுத்தி, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்கிறார். தெரிந்தால் சொல். தெரியாவிட்டால், “தெரியவில்லை சார், சரிபார்த்துச் சொல்கிறேன்” என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல். நாளை அறுபது மாணவர்கள் முன்னால் நிற்கும்போது உனக்கு அதிகம் உதவப்போவது இந்தத் துணிச்சல்தான். இதைச் சொல்லத் தைரியமில்லாத ஆசிரியரிடம் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் பாவம்!

ஆய்விதழுக்கு அனுப்பிய பேப்பர் திரும்பி வந்துவிட்டதா? ஒருநாள் கோபப்படு. மறுநாள் ரிவியூவரின் ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே பதில் எழுதத் தொடங்கு. பேராசிரியரான பிறகும் ஆராய்ச்சி நிதி கேட்டு நீ அனுப்பும் திட்ட அறிக்கைகள் திரும்பி வரும். உன் மாணவர்களின் பேப்பரும் திரும்பி வரும். அப்போது அவர்களை உட்காரவைத்து மறுபடி எழுதச் செய்யும் தெம்பை இன்றே சம்பாதித்துக்கொள்.

வயது போகிறது என்று புலம்புகிறாயா? பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜைப் பார். கடற்படை அதிகாரியாக இருந்தபடியே டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். சிக்னல் கோட்பாட்டில் அங்கே போட்ட அடித்தளத்தோடு கடற்படைக்கு சோனார் உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் நிலையாகப் பணியாற்றத் தொடங்கியது 1990களின் ஆரம்பத்தில். அப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது! அங்கே அவர் முன்வைத்ததுதான் மைமோ. அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பும் நுட்பம் அது. உன் சட்டைப்பையில் இருக்கும் 4ஜி, 5ஜி போனிலும் ஹாஸ்டல் வைஃபையிலும் அதுதான் ஓடுகிறது. 2014இல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. இருபத்தெட்டு வயதில் நீ காலம் கடந்துவிட்டது என்கிறாயே!

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆராய்ச்சி செய்யப் பழக்கும் பல துறைகள், பாடம் எடுக்கப் பழக்குவதில்லை. பாடத்திட்டம் வகுப்பது, நியாயமான வினாத்தாள் தயாரிப்பது, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசுவது என எதையும் யாரும் தானாக முன்வந்து உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள். கேட்டுத்தான் வாங்கவேண்டும். ஜூனியரின் புராஜெக்டுக்கு வழிகாட்டக் கேள். கைடின் வினாத்தாளுக்கு நான்கு கணக்குகள் எழுதித்தரக் கேள். கூச்சத்தைத் தூக்கி எறி!

இந்த வாரமே உன் கைடின் அறைக் கதவைத் தட்டு. “அடுத்த செமஸ்டரில் ஒரு வகுப்பு நான் எடுக்கட்டுமா, சார்?” என்று கேள்.